இரண்டாவது முறை கல்லீரல் மாற்று: சென்னை ஆஸ்பத்திரி ஒன்றைப் பற்றி கீழக்கரையிலிருந்து ஒரு ரிவ்யூ

ஐந்துக்கு நான்கு. ஆபரேஷனுக்கும் அதற்கு முன்னால் எங்களிடம் உண்மையைப் பேசியதற்கும் முழு மார்க். குறைத்தது பில் விஷயத்திலும், ராத்திரி நேரத்தில் போன் எடுக்கும் லட்சணத்திலும். பெயரை எழுதப் போவதில்லை. நல்லதோடு குறையும் சொல்லப் போகிறேன், அதோடு நம்ம பக்கத்திலிருந்து இப்படி ஒரு சிகிச்சைக்குப் போகிறவர்கள் எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நோயாளி என் லாத்தா, அதாவது அக்கா. உடம்பே தன் கல்லீரலைத் தாக்குகிற ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் அவருக்கு. முதல் மாற்றுக்கு மச்சான் தன் கல்லீரலில் வலப்பக்கத்தைக் கொடுத்தார். 1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் நெருங்கிய உறவாகக் கணக்கு என்பதால் அனுமதிக்கு அதிக அலைச்சல் இல்லை. சில வருடம் நன்றாக ஓடியது. அப்புறம் காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள், அரிப்பு. ஆன்டிபயாடிக் ஏற்றினால் அடங்கும், மறுபடி வரும். கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய், ஹெபாடிக் ஆர்ட்டரி, உள்ளே அடைத்துப் போயிருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதலில் பார்த்த இடத்தில் யாரும் எங்களுக்கு இதைப் புரிய வைக்கவில்லை. கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது, பெரும்பகுதி குடலிலிருந்து வரும் போர்ட்டல் வெய்ன் வழியாக, மீதி இந்த ஆர்ட்டரி வழியாக. ஆனால் பித்தநாளங்களுக்கு ரத்தம் ஆர்ட்டரியில் இருந்து மட்டும்தான். பிறவியிலிருந்தே இருக்கும் கல்லீரலில் ஆர்ட்டரி அடைத்தால் சுற்றியுள்ள சிறு குழாய்கள் ஓரளவு கை கொடுக்கும், மாற்றி வைத்த கல்லீரலில் அந்தச் சிறு குழாய்கள் எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். அதனால் ஆர்ட்டரி போனால் பித்தநாளம் சுருங்கும், பித்தம் தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி வரும். எண்டோஸ்கோபி வழியாக, சுருங்கிய நாளத்தைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைத்தார்கள், மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அது தாங்காது, வேறு கல்லீரல்தான் வழி என்று சொன்னது இந்த ரிவ்யூவில் வரும் ஆஸ்பத்திரிதான்.

இனி அவர்களுக்கு முழு மார்க் போட்ட இடம். முதல் ஓபியிலேயே பெரிய டாக்டர் எங்களை உட்கார வைத்து, லாத்தாவுக்கும் கேட்கும்படியாகவே, முதல் மாற்றும் இரண்டாவது மாற்றும் ஒன்றல்ல என்று ஆரம்பித்தார். முதல் முறை மாற்று செய்துகொள்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை ஒட்டி ஒரு வருடம் தாண்டுகிறார்கள், ஐந்து வருடக் கணக்கு எழுபது எண்பதில் நிற்கிறது. இரண்டாவது முறைக்கு ஒரு வருடக் கணக்கு இடத்துக்கு இடம் அறுபதிலிருந்து எண்பது வரை, ஐந்து வருடக் கணக்கு ஐம்பது அறுபதைச் சுற்றி. உலகத்தில் பெரிய மையங்கள் வெளியிட்டிருக்கும் கணக்குகள் இந்த அளவில்தான் இருக்கின்றன, அவர் அதைக் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. இதற்கு முன்னால் நாங்கள் விசாரித்த இன்னொரு இடத்தில் “எங்களிடம் தொண்ணூற்றைந்து சதவீதம் வெற்றி” என்று மார்க்கெட்டிங் ஆள் போனில் சொன்னார். எந்த நோயாளிக்கு, எத்தனையாவது மாற்றுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நாங்கள் அங்கே போகவில்லை.

அறுபது முதல் எண்பது என்றால் எவ்வளவு பெரிய இடைவெளி என்று நானும் கேட்டேன். அதற்கு அந்த டாக்டர் கொடுத்த விளக்கம்தான் எங்களை முடிவெடுக்க வைத்தது. அந்த எண் எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்துப் போட்ட எண். வைத்த கல்லீரல் முதல் நாளிலிருந்தே வேலை செய்யாமல் போனவர், முதல் வாரத்திலேயே ஆர்ட்டரி அடைத்தவர், வருடங்கள் கழித்து நாள்பட்ட நிராகரிப்பில் இழந்தவர், பழைய நோயே புதுக் கல்லீரலிலும் திரும்ப வந்தவர், எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள். மஞ்சள்காமாலை சி வைரஸ் திரும்ப வந்து இரண்டாவது மாற்று செய்தவர்களின் முடிவு ஒரு காலத்தில் ரொம்ப மோசம். 2014-ஐ ஒட்டி வைரஸை நேரடியாக அடக்கும் மாத்திரைகள் வந்த பிறகு அந்தக் கதையே மாறிவிட்டது, அதனால் பழைய கணக்கை எடுத்து இன்றைய ஆளுக்குப் போடுவது சரியில்லை என்றார்.

இன்னும் முக்கியமானது, எந்த நிலையில் ஆபரேஷன் மேஜைக்குப் போகிறார் என்பது. வென்டிலேட்டரில் இருந்து நேராகப் போகிறவர், டயாலிசிஸில் இருக்கிறவர், காமாலை அளவைக் காட்டும் பிலிரூபின் எகிறிப் போனவர், வயதானவர், இவர்களுக்கெல்லாம் எண் கீழே விழுகிறது. நடந்து வந்து அட்மிட் ஆகிறவர்களுக்கு மேலே ஏறுகிறது. இறப்பு நடந்தால் பெரும்பாலும் முதல் சில மாதத்துக்குள், அதுவும் அதிகம் கிருமித் தொற்றால். அந்தக் காலத்தைத் தாண்டி ஒரு வருடம் முடித்தவர்களின் போக்கு கிட்டத்தட்ட முதல் மாற்றுக்காரர்களின் போக்கை ஒட்டியே போகிறது. லாத்தா இதைக் கேட்டுவிட்டு, “அப்ப சீக்கிரம் பண்ணுங்க டாக்டர், நான் நடக்கும்போதே பண்ணுங்க” என்றார். மச்சான் அழுதுவிட்டார். எங்கள் குடும்பத்தில் அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் ஒன்றுபோலப் புரிந்தது.

ஆனால் நடக்கும்போதே செய்வது நம் கையில் இல்லை. வரிசையில் யார் முன்னால் என்பதை மெல்டு ஸ்கோர் என்று ஒன்றை வைத்துப் பார்க்கிறார்கள், பிலிரூபின், ரத்தம் உறையும் அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எல்லாம் சேர்த்துப் போடும் கணக்கு. லாத்தா மாதிரி அடிக்கடி பித்தநாளத் தொற்று வருகிறவர்களுக்கு அந்த ஸ்கோர் குறைவாகவே காட்டும், ஆள் மட்டும் கரைந்துகொண்டே இருப்பார். இதைப் பற்றி வாய் திறந்து பேசிய மருத்துவமனை இது ஒன்றுதான் எங்கள் அனுபவத்தில். கொடுப்பதற்கு வீட்டில் ஆளும் இல்லை. மச்சான் ஏற்கெனவே கொடுத்துவிட்டார், எனக்குக் கொழுப்புக் கல்லீரல் என்று ஸ்கேனிலேயே ஒதுக்கினார்கள், லாத்தா மகளுக்கு வயது பதினெட்டு ஆகவில்லை. இந்தியாவில் கல்லீரல் மாற்று பெரும்பாலும் உயிரோடு இருக்கும் உறவினர் கொடுப்பதை நம்பித்தான் நடக்கிறது, இரண்டாவது முறை என்று வந்தால் அநேகக் குடும்பங்கள் இங்கேதான் நின்றுபோகின்றன.

கிடைத்தது மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய கல்லீரல். யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. 2008-ல் ஒரு டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பாதை உருவானது. 2023 செப்டம்பரில் உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அறிவித்தார்கள். பேப்பரில் அந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் உம்மா அந்த வீட்டாருக்காக துஆ செய்கிறார். ஒரே ஆளுக்கு இரண்டாவது கல்லீரல் கொடுப்பது சரியா, முதல் கல்லீரலே கிடைக்காமல் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எங்கள் உறவுக்காரர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்விதான், டாக்டர்களும் இதை உலகம் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதனால்தான் பிழைக்க வாய்ப்பே இல்லாத நிலைக்குப் போனவர்களுக்கு இரண்டாவது மாற்று மறுக்கப்படுகிறது. என் பதில் ஒன்றுதான். அது கிடைத்த கடனை லாத்தா ஒவ்வொரு மாத்திரையையும் நேரம் தவறாமல் போட்டு அடைக்கிறார்.

ஆபரேஷன் நீண்ட நேரம் ஓடியது. முதல் ஆபரேஷனின் தழும்பில் குடலும் கல்லீரலும் வயிற்றுச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், அதைப் பிரிக்கும்போதுதான் ரத்தப்போக்கு, முதல் மாற்று முடிந்த சில நாளிலேயே மறுபடி செய்ய நேர்ந்தால் இந்த ஒட்டல் இருக்காது, வருடம் கழித்து என்றால் இதுவே பெரிய வேலை. பழைய ஆர்ட்டரி உதவாததால் பெருநாடியிலிருந்தே புதிதாக ஒரு இணைப்பு, பித்தநாளத்தை நேராகக் குடலோடு சேர்த்துத் தையல். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஜூனியர் டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஐசியுவில் சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்தது, டயாலிசிஸ் வரை போகாமல் மீண்டது. நர்ஸ்கள் பற்றி ஒரு குறையும் இல்லை, கை கழுவாமல் ஒருவரும் கட்டில் பக்கம் வந்து நான் பார்க்கவில்லை.

பில். இங்கேதான் கசப்பு. பேக்கேஜ் என்று சொன்னதற்குள் ரத்தப் பொருட்கள் இத்தனை வரை, ஐசியு நாட்கள் இத்தனை வரை என்று எல்லை இருக்கிறது, இரண்டாவது மாற்றில் அந்த எல்லையைத் தாண்டாமல் இருப்பது அபூர்வம் என்பது அவர்களுக்கே தெரியும். ஓபியில் உயிர் பற்றி அவ்வளவு வெளிப்படையாகப் பேசியவர்கள் பணத்தைப் பற்றியும் அதே போல ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நகையும் போச்சு, ஏர்வாடி ரோட்டுப் பக்கம் இருந்த மனையும் போச்சு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றுக்கு இடம் உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வளைகுடாச் சம்பளம் வரும் வீடு என்பதால் எங்களுக்குப் பொருந்தவில்லை. பொருந்துகிறவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே கலெக்டர் ஆபீஸில் அட்டையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியிலும் கல்லீரல் மாற்று நடக்கிறது, தனியாரிடம் போகும் முன் அங்கேயும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு. நான் இந்த ரிவ்யூவை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். சென்னையில் இருப்பவர் ஆட்டோ பிடித்துப் போய்க் காட்டிவிடுவார். கீழக்கரையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ரயில் ஏற ராமநாதபுரம் போக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனதும் மூன்று மாதம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்கச் சொன்னார்கள், தங்கினோம், அது சரியான அறிவுரை. அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான் ஓடுகிறது, அந்த போனின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.

பகலில் இருக்கும் கோஆர்டினேட்டர் அம்மா தங்கம். உடம்பு புதுக் கல்லீரலை நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு பார்க்கும் ரத்தம் காலை மாத்திரைக்கு முன்னால், முந்தின இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆன நிலையில் எடுக்க வேண்டும், ஊதா மூடி போட்ட குழாயில். நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கலெக்‌ஷன் சென்டரில் ஆள் தாமதமாக வந்துவிட்டு, “மாத்திரை போட்டுட்டா பரவாயில்லைம்மா, குத்திடலாம்” என்று எடுத்து அனுப்பிவிட்டார். ரிப்போர்ட்டில் அளவு உச்சத்தில். வேறு யாராவது என்றால் அந்தத் தாளைப் பார்த்து மாத்திரையைக் குறைத்திருப்பார்கள், குறைத்திருந்தால் உடம்பு கல்லீரலை நிராகரிக்கத் தொடங்கியிருக்கும். இந்த அம்மா முதலில் கேட்டதே, “மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தாங்க?” என்றுதான். மறுநாள் முறைப்படி எடுத்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருந்தது. அதிலிருந்து வேறு லேபுக்கு மாறிவிட்டோம், அவர்கள் நேரத்தைக் குழாயிலேயே எழுதுகிறார்கள்.

ராத்திரி நம்பர்தான் பிரச்சினை. லாத்தாவுக்கு இருமல் என்று பக்கத்து ஊர் கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் எழுதிக்கொடுத்துவிட்டார்கள், மாற்று ஆபரேஷன் ஆனவர் என்று சொல்லியும். அந்த மாத்திரை டாக்ரோலிமஸைக் கரைக்கும் வேலையைத் தடுத்துவிடும், ரத்தத்தில் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், தலைவலி. அர்த்தராத்திரியில் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி எண்ணை அழைத்தால் ஒரு ஆள் எடுத்து, பேஷன்ட் ஐடி கேட்டு, இன்னொருவருக்கு மாற்றி, அவர் இன்னொருவருக்கு மாற்றி, கடைசியில் “காலையில ஓபிக்கு வாங்க” என்றார். கீழக்கரையிலிருந்து காலை ஓபிக்கு எப்படி வருவது? விடிந்ததும் கோஆர்டினேட்டர் அம்மாவும் ஆஸ்பத்திரி பார்மசிஸ்டும் சேர்ந்து அதை நிறுத்தச் சொல்லி, அடுத்த வேளை டாக்ரோலிமஸையும் தள்ளிவைக்கச் சொல்லி, கிரியேட்டினின் பார்க்கச் சொன்னார்கள். கிரியேட்டினின் ஏறித்தான் இருந்தது, தண்ணீரும் கவனிப்புமாக இறங்கியது. ஒரு மார்க் குறைத்ததில் பாதி இந்த ராத்திரிக்கு. தொலைதூர நோயாளிகளுக்கென்று இரவிலும் விஷயம் தெரிந்த ஒரே ஒரு ஆளை உட்கார வைப்பது அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கஷ்டமே இல்லை.

டிஸ்சார்ஜின்போது கொடுத்த புத்தகம் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழில்தான் கொடுத்தார்கள், நல்ல விஷயம். ஆனால் சென்னைக்காரருக்கு எழுதியது போல இருக்கிறது. “வெளி உணவைத் தவிர்க்கவும்” என்று இருக்கிறது, கடற்கரையில் வாழ்கிறவருக்குத் தேவையானது ஒன்றும் இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு நாங்களே எழுதி வைத்துக்கொண்டோம். வெதுவெதுப்பான கடல் தண்ணீரிலும் கழிமுகத்திலும் விப்ரியோ என்ற கிருமி இருக்கிறது, அதில் ஒரு வகை கல்லீரல் நோயாளிக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் ஒன்றிரண்டு நாளில் உயிரையே எடுக்கக்கூடியது. காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் கடலில் இறங்கவே கூடாது. நண்டு, சிப்பி, இறால் எல்லாம் நன்றாக வெந்திருக்க வேண்டும், நண்டு சுத்தம் செய்யும்போது கொடுக்கு குத்தாமல் இருக்க வேண்டும், அதனால் லாத்தா இப்போது நண்டு உடைப்பதில்லை, உடைத்து வேகவைத்ததைச் சாப்பிடுகிறார். கருவாடு உப்பு, இந்த மாத்திரைகளால் பிரஷர் ஏற்கெனவே ஏறும், அதனால் எப்போதாவது ஒரு துண்டு. நம்ம ஊர் இனிப்பான தொதல் வாயில் வைக்கவே பயம், ஸ்டீராய்டும் டாக்ரோலிமஸும் சர்க்கரையைக் கிளப்பிவிடும், கல்யாண வீட்டில் தட்டில் வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். பம்பளிமாஸ் பழம் கூடவே கூடாது, அதுவும் கிளாரித்ரோமைசின் செய்த வேலையையே செய்யும். மூட்டுவலி என்று டைக்ளோஃபெனாக் ஊசி போடக் கூடாது, சிறுநீரகம் போய்விடும்.

நாட்டு மருந்து பற்றித் தனியாக. காமாலை என்றாலே கீழாநெல்லி கொண்டுவந்து நீட்டும் அன்பு நம்ம ஊரில் நிறைய, யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் மாற்றுக் கல்லீரல்காரருக்கு டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாறும் சூரணமும் வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் குடித்தவர்களுக்கு, லாத்தாவுக்கு வந்த அதே மாதிரி, உடம்பே கல்லீரலைத் தாக்கும் பாதிப்பு வந்ததை மும்பை டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ரமலான் கேள்வி இந்தப் பகுதியில் எல்லா வீட்டிலும் வரும். நோன்பு இங்கே பதிமூன்று மணி நேரத்துக்கு மேல், மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதோடு தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் தாங்காது. டாக்டர் வேண்டாம் என்றார், வெறுமனே தடை போடாமல் கிரியேட்டினின் தாளைக் காட்டி ஏன் என்று விளக்கினார். எங்கள் ஜமாஅத் ஆலிமும் நோயாளிக்கு விலக்கு உண்டு, நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுத்தால் போதும் என்று தெளிவாகச் சொன்னார். லாத்தா முதல் வருடம் மனசு கேட்காமல் அழுதார். இப்போது நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பள்ளிக்கு அனுப்பும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு நடத்துகிறார்.

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்த பிறகு ஒரு நன்மை, அவசரத்துக்குப் போனால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துவிட்டு சென்னைக்கு போன் போடும் டாக்டர்கள் கிடைக்கிறார்கள். எங்கள் சென்னை ஆஸ்பத்திரி இதைப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை என்பது என் ஆதங்கம். மாவட்டத்துக்கு ஒரு டாக்டரோடு பேசி வைத்துக்கொண்டால், காய்ச்சல் வந்த முதல் மணி நேரத்திலேயே ரத்தம் எடுத்து ஆன்டிபயாடிக் தொடங்கிவிடலாம். இரண்டாவது மாற்று ஆனவர்களைக் கொல்வது அதிகமும் தொற்று என்று அவர்களே சொன்னார்கள் இல்லையா, அப்படியானால் காய்ச்சலோடு மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் போகும் நேரமும் அவர்கள் கணக்கில் வர வேண்டும்.

இப்போது லாத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். ஒரு வருடக் கோட்டை நன்றாகவே தாண்டிவிட்டார். பிலிரூபின் சரி, ஸ்டென்ட் இல்லை, அரிப்பு இல்லை, சிறுநீரகம் மட்டும் கொஞ்சம் பலவீனம், அதற்காக டாக்ரோலிமஸைக் குறைத்து எவரோலிமஸ் என்ற இன்னொரு நிராகரிப்புத் தடுப்பு மருந்தைச் சேர்த்திருக்கிறார்கள். மகளின் பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை எல்லாம் அவரேதான்.

யாருக்கு இந்த ஆஸ்பத்திரியைச் சொல்வேன்? முதல் மாற்று தோற்றுப்போய், இன்னும் நடமாடுகிற நிலையில் இருப்பவருக்கு, தயங்காமல் சொல்வேன், காமாலை முற்றி ஐசியு வரும்வரை காத்திருக்காமல் உடனே போகச் சொல்வேன். பணம் இறுக்கமாக இருப்பவர் பேக்கேஜ் எல்லைகளை எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கட்ட வேண்டாம். போகும்போது முதல் ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கட்டாயம் எடுத்துப் போங்கள், ஆர்ட்டரியையும் பித்தநாளத்தையும் எப்படித் தைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும், சுருக்கமான டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்காது. அதைக் கேட்டு வாங்க நாங்கள் பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷனில் பல முறை நிற்க வேண்டியிருந்தது. நோயாளி கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை, எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.